பழைய போனில் எதற்கு ஆப், எதற்கு பிரவுசர்?

கோபிச்செட்டிபாளையத்தில் இருக்கும் என் அத்தை தையல் வேலை செய்பவர். அவருடைய போன் 2018-ல் வாங்கியது. 2 ஜிபி ரேம், 16 ஜிபி ஸ்டோரேஜ், ஆண்ட்ராய்டு 8.1. போன பொங்கலுக்குப் போயிருந்தபோது போனைக் கையில் கொடுத்து, "அளவு ஜாக்கெட் போட்டோ அனுப்புனா தொறக்கவே மாட்டேங்குதுடா கண்ணு. புதுசு வாங்கித்தான் ஆகோணுமா?" என்று கேட்டார்.

வாங்க வேண்டியிருக்கவில்லை. அந்தப் போனில் 41 ஆப்கள் இருந்தன. அவர் தினமும் தொடுவது ஐந்தோ ஆறோதான். மற்றவற்றை எல்லாம் யாரோ ஒருவர் என்றோ ஒரு நாள் போட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்து, எந்த வேலைக்கு ஆப் கட்டாயம், எந்த வேலைக்கு பிரவுசரே (குரோம் மாதிரி, இணையதளங்களைத் திறந்து காட்டும் ஆப்) போதும் என்று பிரித்தோம். அன்று செய்ததை அதே வரிசையில் எழுதுகிறேன். ஐந்தாறு வருடம் ஆன போன் உங்கள் வீட்டில் இருந்தால் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் போனின் ஜாதகம்

செட்டிங்ஸைத் திறந்து கீழே போனால் 'அபவுட் போன்' என்று இருக்கும். அதில் ஆண்ட்ராய்டு எத்தனையாவது பதிப்பு என்று பார்த்து ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு எண்ணை வைத்துத்தான் பின்னால் பாதி முடிவுகளை எடுக்கப் போகிறோம். பிறகு 'ஸ்டோரேஜ்' பகுதிக்குப் போய் எவ்வளவு இடம் மிச்சம் என்று பாருங்கள். பெட்டியில் 16 ஜிபி என்று போட்டிருந்தாலும் அதில் பெரும்பங்கை ஆண்ட்ராய்டே எடுத்துக்கொள்ளும். அத்தை போனில் அன்று காலியாக இருந்தது 310 எம்பி. போட்டோ திறக்காததற்குக் காரணம் அங்கேயே தெரிந்துவிட்டது: வருகிற படத்தை இறக்கி வைக்க இடமே இல்லை. இடம் இப்படி நெருக்கடியானால் போனின் மற்ற வேலைகளும் சேர்ந்தே இழுக்கும். குறைந்தது 1 ஜிபியாவது எப்போதும் காலியாக இருக்கட்டும் என்பது என் கணக்கு.

அதே இடத்தில் ஆப்களை அளவு வாரியாக வரிசைப்படுத்திப் பார்க்கலாம். இதை எல்லோரும் ஒருமுறையாவது செய்ய வேண்டும். ஒரு ஷாப்பிங் ஆப், பிளே ஸ்டோரில் 74 எம்பி என்று இருந்தது. அத்தை போனுக்குள் அது 540 எம்பி ஆகியிருந்தது. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் படங்களையும் பக்கங்களையும் உள்ளே சேர்த்து வைத்துக்கொண்டே போகும், அதனால் வந்த வீக்கம். அவர் அதில் வாங்கியதோ இரண்டே இரண்டு முறை.

பிரவுசரில் திறக்கும் பக்கமும் கொஞ்சம் சேர்த்து வைக்கத்தான் செய்யும். ஆனால் அது மூடியிருக்கும்போது பின்னணியில் ஓடாது, தானாக அப்டேட் இறக்காது, ஓடிக்கொண்டிருக்கும் ஆப்கள் தங்கும் ரேமில் இடம் பிடித்து உட்காராது. பழைய போனுக்கு இதுதான் பெரிய விடுதலை. இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். பிரவுசரில் ஒவ்வொரு முறையும் பக்கம் புதிதாக இறங்க வேண்டும், நெட் இல்லாவிட்டால் ஒன்றும் நடக்காது. ஆகவே எல்லா ஆப்பையும் தூக்கிவிட்டு பிரவுசருக்கு மாறுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். வேலை வாரியாகப் பிரிப்பதுதான் சரி.

ஆப் கட்டாயம் வேண்டிய வேலைகள்

வாட்ஸப் ஆப்பாகத்தான் இருக்க வேண்டும். அதற்கு ஆண்ட்ராய்டு 5-ஆவது வேண்டும், அதற்குக் கீழே உள்ள போன்களில் இப்போது ஓடாது. அழைப்பும் செய்தியும் வந்தவுடன் தெரிய வேண்டிய எதையும் பிரவுசரை நம்பி விட முடியாது.

யூபிஐ-யும் அப்படித்தான். ஜிபே, போன்பே, பீம் எதுவானாலும், முதல்முறை பதிவு செய்யும்போது உங்கள் சிம்மிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் தானாக வெளியே போகும். வங்கியில் பதிவான எண் இந்தப் போனில்தான் இருக்கிறது என்று அதை வைத்தே உறுதி செய்கிறார்கள். பிரவுசரால் அந்த எஸ்எம்எஸ்ஸை அனுப்ப முடியாது. இதில் பலர் சிக்குகிற இடம் ஒன்று உண்டு: சிம்மில் எஸ்எம்எஸ் அனுப்பும் வசதியே இல்லாத ரீசார்ஜ் போட்டிருந்தால் பதிவு பாதியில் நின்றுவிடும். என்ன காரணம் என்று தெரியாமல் ஆப்பை நீக்கி நீக்கிப் போட்டுக்கொண்டிருப்பார்கள். போன் மெதுவாக இருக்கிறது என்பதற்காக, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் யூபிஐ ஆப்பை எடுத்துவிட்டு மறுபடி போடும் வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள்.

மூன்று யூபிஐ ஆப் இருந்தால் ஒன்றை வைத்துக்கொண்டு மற்ற இரண்டை விட்டுவிடலாம். நெட்டே இல்லாத நேரத்துக்கு *99# இருக்கிறது. வங்கியில் பதிவான எண்ணிலிருந்து அதை டயல் செய்தால் மெனு வரும், ஒரு முறைக்கு 5,000 ரூபாய் வரை அனுப்பலாம். எல்லா சிம்மிலும் எடுக்காது. ஒருமுறை டயல் செய்து பார்த்தால் தெரிந்துவிடும்.

இவை தவிர, நெட் இல்லாமலும் வேண்டியவை ஆப்பாக இருக்கட்டும்: பாட்டு, கால்குலேட்டர், இறக்கி வைத்த மேப், பிள்ளைகளின் பாடம். இந்தப் பட்டியல் அதிகம் நீளாது.

பிரவுசருக்கே போகலாம் என்பவை

கரண்ட் பில்லை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருகிறது. வருடத்துக்கு ஆறே முறை திறக்கப் போகும் ஓர் ஆப் 365 நாளும் போனுக்குள் குடியிருக்க வேண்டிய அவசியம் என்ன? மின்வாரியத்தின் தளத்தில் சர்வீஸ் எண்ணைப் போட்டால் தொகை தெரியும், அங்கேயே கட்டலாம். அரசுச் சான்றிதழ்களைப் போனிலேயே காட்ட உதவும் டிஜிலாக்கருக்கும் தளம் இருக்கிறது. ஆதார் வேலைகளில் பலவும், பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ ரிசல்ட்டும், பேருந்து முன்பதிவும், செய்தித்தாளும் பிரவுசரிலேயே முடியும். ஃபேஸ்புக்கும் யூடியூபும்கூட பிரவுசரில் நன்றாகவே ஓடும். யூடியூப் பெரும்பாலும் போனோடு வந்த ஆப் என்பதால் நீக்க முடியாது. செட்டிங்ஸில் 'டிசேபிள்' செய்யலாம், இடம் ஓரளவு மீளும்.

'லைட்' ஆப் இருக்கிறதே என்று கேட்பீர்கள். ஃபேஸ்புக் லைட் 2015-லிருந்து இருக்கிறது, சின்ன ஆப், ஃபேஸ்புக்கைத் தினமும் பார்ப்பவர்களுக்கு நல்லது. ஆனால் லைட் என்ற பெயரை நம்பி நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். யூடியூப் கோ 2022-ல் நின்றது. மெசஞ்சர் லைட் 2023-ல் நின்றது. இரண்டும் சின்னப் போன்களுக்கென்றே வந்தவை. அப்படி நிற்கும்போது கைகொடுப்பது பிரவுசர்தான்.

எந்த பிரவுசர்?

தாளில் குறித்த ஆண்ட்ராய்டு எண்ணை இப்போது எடுங்கள்.

10 அல்லது அதற்கு மேல் என்றால் குரோமே போதும். பிளே ஸ்டோரில் அப்டேட் இருந்தால் போட்டுவிடுங்கள்.

8 அல்லது 9 என்றால் கவனிக்க வேண்டும். குரோம் 138-ஆவது பதிப்போடு இந்தப் போன்களுக்கு அப்டேட் நின்றுவிட்டது. 2025 ஆகஸ்டில் வந்த 139-லிருந்து ஆண்ட்ராய்டு 10 கேட்கிறது. பழைய குரோம் உடனே படுத்துவிடாது, பக்கங்கள் திறக்கும். ஆனால் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகள் அதில் அடைபடாது. பணம் கட்டும் பக்கங்களை அதில் திறக்க எனக்கு மனம் வரவில்லை. அத்தை போனில் ஃபயர்பாக்ஸ் போட்டோம், ஆண்ட்ராய்டு 8-க்கு அது புதிய பதிப்பு தருகிறது. குரோமைவிடச் சற்று மெதுவாகத் திறக்கும். அதை ஈடுகட்ட ஒரு வழி உண்டு: ஃபயர்பாக்ஸ் மெனுவில் 'எக்ஸ்டென்ஷன்ஸ்' போய் 'யூபிளாக் ஆரிஜின்' என்பதைச் சேர்த்துவிடுங்கள். இலவசம். விளம்பரங்கள் நின்றுபோகும். செய்தித் தளங்களில் செய்தியைவிட விளம்பரமே அதிகம் இறங்குவதால், இது ஒன்றிலேயே வேகம் கண்ணுக்குத் தெரியும், டேட்டாவும் மிஞ்சும்.

ஃபயர்பாக்ஸ் வந்துவிட்டதே என்று குரோமை டிசேபிள் செய்துவிட வேண்டாம். ஆண்ட்ராய்டு 7, 8, 9 போன்களில் மற்ற ஆப்கள் தங்களுக்குள் ஒரு இணையப் பக்கத்தைக் காட்ட வேண்டுமானால் குரோமின் உதவியோடுதான் காட்டுகின்றன. அது அப்படியே கிடக்கட்டும்.

7-ம் அதற்குக் கீழும் என்றால் குரோம், ஃபயர்பாக்ஸ் இரண்டிலும் புதிய பதிப்பு கிடையாது. அந்தப் போனில் பாட்டுக் கேட்கலாம், செய்தி படிக்கலாம், வாட்ஸப் ஓடும்வரை ஓடட்டும். வங்கி வேலை, கார்டு எண், யூபிஐ எதுவும் வேண்டாம். இதில் நான் விட்டுக்கொடுத்துப் பேச மாட்டேன்.

ஓபரா மினியைப் பற்றியும் ஒரு வார்த்தை. டேட்டா மிச்சப்படுத்துவதில் கெட்டிக்கார பிரவுசர். அதன் 'எக்ஸ்ட்ரீம்' முறையில் நீங்கள் திறக்கும் பக்கம் முதலில் அவர்களுடைய சர்வருக்குப் போய், அங்கே சுருக்கப்பட்டு, பிறகே உங்களிடம் வருகிறது. செய்தி படிக்க அருமை. பாஸ்வேர்ட் போடும் இடத்துக்கு ஆகாது.

ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு: இந்தியாவில் ஐபோனில் எந்த பிரவுசரைப் போட்டாலும் உள்ளே பக்கத்தைத் திறந்து காட்டுவது ஆப்பிளின் எஞ்சின்தான். அது ஐஓஎஸ் அப்டேட்டோடு மட்டுமே புதிதாகும். ஐபோன் 5எஸ், 6 போன்றவை ஐஓஎஸ் 12-க்கு மேல் போகாது. அங்கே பிரவுசரை மாற்றிப் பயனில்லை.

'பாதுகாப்பற்ற இணைப்பு' என்று சிவப்பாக வந்தால்

பழைய போன்களில் இது அடிக்கடி வரும். தளம் போலி என்று நினைத்துப் பயப்படுவார்கள், அல்லது 'எப்படியும் போ' என்று அழுத்திவிடுவார்கள். இரண்டுக்கும் முன்னால் தேதியைப் பாருங்கள். பாட்டரி சுத்தமாக இறங்கிப் பல நாள் கிடந்த போனில் தேதி எங்கோ பின்னால் போய்விடும். ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு சான்றிதழ் உண்டு, அதற்கு ஆரம்ப நாளும் முடிவு நாளும் உண்டு. போனின் தேதி தப்பானால் எல்லாச் சான்றிதழும் செல்லாததாகவே தெரியும். செட்டிங்ஸில் 'டேட் அண்ட் டைம்' போய் 'ஆட்டோமேட்டிக்' வைத்தால் பாதிப் பிரச்சினை அதோடு தீரும்.

தேதி சரியாக இருந்தும், ஒரு தளம் மட்டுமல்லாமல் பல தளங்கள் அப்படிக் காட்டினால் போனின் ஆண்ட்ராய்டு 7.1.1-க்கும் பழையதாக இருக்கலாம். லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு ஏராளமான தளங்களுக்கு இலவசச் சான்றிதழ் தருகிறது. அந்த அமைப்பையே இந்தப் போன்களுக்குத் தெரியாது. இடையில் ஒரு பழைய சான்றிதழின் துணையோடு சமாளித்து வந்தார்கள், அந்த ஏற்பாடு 2024-ல் முடிந்துவிட்டது. ஃபயர்பாக்ஸ் நம்பத்தக்க அமைப்புகளின் பட்டியலைத் தானே கையில் வைத்திருப்பதால், பழைய பதிப்பானாலும் அதில் இந்தத் தளங்கள் திறக்கும். படிப்பதற்கு மட்டும் அந்த வழியைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

தளத்தை ஆப் போலவே வைத்துக்கொள்வது

அத்தைக்கு முகவரி தட்டச்சு செய்வது ஒத்துவராது. கூகுளில் தேடினால் மேலே விளம்பரமாக வரும் போலித் தளத்தைத் தொட்டுவிடும் ஆபத்தும் இருக்கிறது. அதனால் முகப்புத் திரையிலேயே சின்னமாக வைத்துவிடுவது நல்லது.

சரியான தளத்தை ஒருமுறை நீங்களே திறந்து கொடுங்கள். அரசுத் தளமானால் முகவரி 'ஜி ஓ வி புள்ளி ஐ என்' என்று முடிகிறதா பாருங்கள். மின்வாரியம், ரயில்வே போன்ற சில தளங்களுக்கு வேறு முடிவு இருக்கும். அவற்றின் முகவரியை பில்லிலிருந்தோ டிக்கெட்டிலிருந்தோ பார்த்து எழுத்துப் பிசகாமல் போடுங்கள். பக்கம் திறந்ததும் மூலையில் உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டால் 'ஆட் டு ஹோம் ஸ்கிரீன்' என்று வரும். பெயர் கேட்கும் இடத்தில் அவருக்குப் புரிகிற பெயரைத் தமிழிலேயே போடுங்கள். அத்தை போனில் 'கரண்ட்', 'ரயில்', 'பேப்பர்' என்று மூன்று சின்னங்கள் இருக்கின்றன. அது ஆப்பா தளமா என்ற கவலை அவருக்கு இல்லை.

சின்னம் வைக்கிற கையோடு இன்னொன்றையும் செய்யுங்கள். பல தளங்கள் திறந்தவுடனே 'நோட்டிபிகேஷன் அனுப்பலாமா?' என்று கேட்கும். வயதானவர்கள் 'அலோ' என்பதை அழுத்திவிடுவார்கள். பிறகு ராத்திரி பகலாக 'உங்கள் போனில் வைரஸ்', 'பரிசு விழுந்திருக்கிறது' என்று வந்துகொண்டே இருக்கும். போன் கெட்டுவிட்டது என்று கடைக்கு எடுத்துப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். பிரவுசரின் செட்டிங்ஸில் 'சைட் செட்டிங்ஸ்' அல்லது 'சைட் பெர்மிஷன்ஸ்', அதற்குள் 'நோட்டிபிகேஷன்ஸ்' போய் மொத்தமாக 'பிளாக்' செய்துவிடுங்கள். ஏற்கெனவே அனுமதி வாங்கியவை அதே இடத்தில் பட்டியலாக இருக்கும், அவற்றையும் நீக்குங்கள்.

'ஆப்பில் திறக்கவும்' என்று திரையை மறைத்துக்கொண்டு வரும் அறிவிப்பைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஓரத்தில் சின்னதாக 'பிரவுசரிலேயே தொடர்க' என்றோ ஒரு பெருக்கல் குறியோ இருக்கும். பொறுமையாகத் தேடினால் கிடைக்கும்.

ரயில் டிக்கெட்டும் 2 ஜிபி ரேமும்

பிரவுசர் பழைய போனில் உண்மையாகவே தடுமாறும் இடம் இது. ஐஆர்சிடிசி தளத்தில் எல்லாம் நிரப்பி, பணம் கட்டும் பக்கம் வந்து, ஓடிபி வருகிறது. அதைப் பார்க்க மெசேஜ் ஆப்பைத் திறக்கிறோம். திரும்பி வந்தால் பக்கம் முதலிலிருந்து லோடாகிறது, நிரப்பியதெல்லாம் போயிற்று. தளத்தைத் திட்டிப் பயனில்லை. ரேம் குறைவு என்பதால், புதிதாகத் திறந்த ஆப்புக்கு இடம் கொடுக்க ஆண்ட்ராய்டு பின்னால் இருந்த பிரவுசரை மூடிவிடுகிறது. யூபிஐ ஆப்புக்குத் தாவும்போதும் இதே கதைதான்.

தப்பிக்கும் வழிகள் இவை. தொடங்கும் முன் திறந்திருக்கும் எல்லா ஆப்பையும் மூடிவிடுங்கள், பிரவுசரில் ஒரே ஒரு டேப் (திறந்த பக்கம்) மட்டும் இருக்கட்டும். ஓடிபி வந்தால் மெசேஜ் ஆப்பைத் தொடாமல், திரையின் மேலிருந்து விரலால் இழுத்து நோட்டிபிகேஷனிலேயே எண்ணைப் படித்துவிட்டு விரலை மேலே தள்ளி மூடுங்கள். பிரவுசரை விட்டு வெளியேறாததால் பக்கம் அப்படியே இருக்கும். யூபிஐ-யில் கட்டுவதானால் திரையில் வரும் கியூஆரை வீட்டிலுள்ள வேறொருவர் போனிலிருந்து ஸ்கேன் செய்யச் சொல்லலாம். எல்லாம் செய்தும் பணம் பிடித்தபின் பக்கம் போய்விட்டால், அவசரப்பட்டு இரண்டாம் முறை கட்டாதீர்கள். மறுபடி உள்ளே போய் முன்பதிவு வரலாற்றில் டிக்கெட் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

தட்கலை இந்தப் போனில் முயல வேண்டாம் என்றே சொல்வேன். 2025 ஜூலை 1 முதல் ஆதார் சரிபார்த்த கணக்கில்தான் ஆன்லைன் தட்கல் எடுக்க முடியும். அதைச் செய்து வைத்திருந்தாலும், ஏசிக்குக் காலை 10 மணி, மற்ற வகுப்புகளுக்கு 11 மணி என்று திறந்த சில நிமிடங்களில் முடிந்துவிடுகிற விஷயம். பழைய போனின் வேகம் அதற்கு ஈடுகொடுக்காது. சாதாரண முன்பதிவு 60 நாள் முன்பே திறக்கிறது, அதை இந்தப் போனில் நிதானமாகச் செய்யலாம்.

நீக்கும் வேலை

இப்போதுதான் ஆப்களை எடுக்க வேண்டும், முன்னாலேயே அல்ல. மாற்றாக வைத்த சின்னத்தைத் தொட்டு, உள்ளே நுழைந்து, ஒருமுறை வேலை செய்து பார்த்தபிறகு அந்த ஆப்பை 'அன்இன்ஸ்டால்' செய்யுங்கள். பாஸ்வேர்ட் மறந்திருந்தால் அப்போதே தெரிந்துவிடும்.

'கிளியர் கேஷ்' என்பதும் 'கிளியர் டேட்டா' என்பதும் அடுத்தடுத்து இருக்கும். முதலாவது தற்காலிகமாகச் சேர்ந்ததை மட்டும் அழிக்கும், பயமில்லாமல் அழுத்தலாம். இரண்டாவது எல்லாவற்றையும் துடைத்துவிடும். சில வருடம் முன்பு என் அம்மாவின் போனில் ஓர் உரையாடல் ஆப்பில் இடம் மிச்சப்படுத்துகிறேன் என்று இரண்டாவதை அழுத்திவிட்டேன். பேக்கப் எடுத்து வைத்திருக்கவில்லை. இறந்துபோன தாத்தா அனுப்பிய குரல் செய்திகள் அதில்தான் இருந்தன. இன்றும் அதை நினைத்தால் வலிக்கிறது. அதனால்தான் சொல்கிறேன்: வாட்ஸப்பில் 'சாட் பேக்கப்' எடுக்காமல் எதையும் தொடாதீர்கள். வாட்ஸப் செட்டிங்ஸில் 'ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா' பகுதிக்குள் 'மேனேஜ் ஸ்டோரேஜ்' போனால் எந்தக் குழுவின் வீடியோ எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று தெரியும். வேண்டாததை அங்கே மட்டும் அழியுங்கள். அதே பகுதியில் ஆட்டோ டவுன்லோடையும் நிறுத்துங்கள். அத்தை போனில் 'குட் மார்னிங்' வீடியோக்கள் மட்டுமே 2 ஜிபிக்கு மேல் இருந்தன.

பிளே ஸ்டோரில் 'உங்கள் போனுக்குப் பொருந்தாது' என்று வருகிற ஆப்பை வேறு தளத்திலிருந்து ஏபிகே கோப்பாக (ஆப்பை நேரடியாக நிறுவும் கோப்பு) இறக்கும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். கல்யாணப் பத்திரிகை, டிராஃபிக் அபராதம், வங்கி கேஒய்சி என்ற பெயர்களில் வாட்ஸப்பில் வரும் ஏபிகேயை நிறுவி, சேமிப்பையே இழந்தவர்கள் இருக்கிறார்கள். அப்படி நடந்துவிட்டால் உடனே நெட்டை அணைத்துவிட்டு, வேறு போனிலிருந்து சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். தாமதமாகும் ஒவ்வொரு நிமிடமும் பணத்தை மீட்பதைக் கடினமாக்கும்.

பழைய போனில் யூபிஐ வைத்திருப்பவர்களுக்கு என் தனிப்பட்ட ஆலோசனை ஒன்று: செக்யூரிட்டி அப்டேட் நின்றுபோன போனில் முழுச் சேமிப்பும் உள்ள கணக்கை இணைக்காதீர்கள். அத்தைக்குத் தபால் நிலையத்தில் ஒரு கணக்கும் வங்கியில் ஒரு கணக்கும் உண்டு. வங்கிக் கணக்கில் இரண்டாயிரம் மூவாயிரம் மட்டும் வைத்து அதை மட்டும் யூபிஐ-யில் இணைத்திருக்கிறோம். நூல், பட்டன் வாங்க அது போதும்.

அன்று மாலை எண்ணிப் பார்த்தபோது ஆப்கள் 41-லிருந்து 17 ஆகியிருந்தன, காலியிடம் 310 எம்பியிலிருந்து 4 ஜிபிக்கு மேல். அளவு ஜாக்கெட் போட்டோ தொட்டவுடன் திறந்தது. அத்தை அதை இரண்டு விரலால் பெரிதாக்கி, கழுத்துப் பட்டியின் தையலைப் பார்த்துவிட்டு, "பைப்பிங் வெச்சிருக்காங்க, அதான் முன்னாடி தெரியல" என்றார்.

இது ஒருமுறை செய்து விட்டுவிடுகிற வேலை இல்லை, மறுபடி சேரும். அதனால் கரண்ட் பில் கட்டும் நாளையே இதற்கும் வைத்துக்கொண்டோம். பில் கட்டி முடித்ததும் பிரவுசரின் டேப்களை எல்லாம் மூடுவது, பிளே ஸ்டோரில் பிரவுசருக்கும் யூபிஐ ஆப்புக்கும் அப்டேட் இருக்கிறதா பார்ப்பது, வாட்ஸப்பில் பெரிய வீடியோக்களை அழிப்பது, கடைசியாகப் போனை ஒருமுறை அணைத்துப் போடுவது.